நாற்பத்தைந்துக்கு மேல் மறுபடியும் பைக்: சேலத்துக்காரர் எதை எடுப்பது?

பதினைந்து, இருபது வருஷம் பைக்கைத் தொடாமல் கார், பஸ், வீட்டு ஸ்கூட்டர் என்று காலம் தள்ளிவிட்டு, பிள்ளைகள் காலேஜில் சேர்ந்த பிறகு "இனி ஒரு வண்டி எடுத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு போய் வரலாமே" என்று நினைக்கிறவர்கள் சேலத்தில் ஏராளம். நானும் அப்படித் திரும்பி வந்தவன்தான். அதனாலேயே சொந்தக்காரர்களும் கூட வேலை செய்கிறவர்களும் எந்த வண்டி வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். கேட்கும்போதே பாதிப் பேர் மனதில் ஒரு வண்டி இருக்கும். ஒன்று ராயல் என்ஃபீல்டு 350, இல்லையென்றால் ஊர்வீட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கும் பழைய ஆர்எக்ஸ் 100. இரண்டுமே நல்ல வண்டிகள். ஆனால் திரும்பி வருகிறவருக்கு முதல் வண்டியாக இரண்டையும் நான் சொல்ல மாட்டேன். 150, 160 சிசியில் ஏபிஎஸ் (பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள, 150 கிலோவுக்குள் இருக்கும் சாதாரண பைக் ஒன்றைத்தான் சொல்வேன். காரணத்தை விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி பார்க்கப் போகிற எல்லோரும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறார்கள். இழுக்குமா, இரண்டு பேர் உட்கார்ந்தால் திணறுமா, எத்தனை பிஎச்பி என்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது, நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தை 100 சிசி வண்டியில் சுமையோடு ஏறுகிற ஆட்கள் தினமும் இருக்கிறார்கள். ஏறும்போது கியரைத் தப்பாகப் போட்டால் வண்டி இழுக்காமல் நின்றுபோகும், மறுபடி ஸ்டார்ட் செய்து கிளம்பலாம். இறங்கும்போதுதான் வண்டியின் எடை, பிரேக்கின் சூடு, எதிரே வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பும் பஸ், நம் பழைய பழக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அதனால் நான் வண்டியை எடை போடுவது இறங்குவதற்கு எப்படி என்றுதான். முதலில் பிரேக், அடுத்தது எடை, அதற்கடுத்து ஆக்ஸிலேட்டரை விட்டதும் என்ஜின் எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பது. பிஎச்பி கடைசியில்.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வண்டித் தேர்வை நேராகப் பாதிக்கிற விஷயம். நாற்பதுக்கு மேல் கண்ணின் பாப்பா இருட்டில் முன்பு போல விரிவதில்லை, எதிர் லைட் அடித்தபின் பார்வை தெளிய அதிக நேரம் எடுக்கிறது. கீழ்ப்பாதி படிப்பதற்கும் மேல்பாதி தூரத்துக்கும் என்று இருக்கும் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு மீட்டரும் முன்சக்கரத்துக்குப் பக்கத்துத் தரையும் வேறு வேறு விதமாகத் தெரியும், பழகும்வரை குழப்பும். கழுத்து முழுதாகத் திரும்பாது. சுகர் பல வருஷமாக இருப்பவர்களுக்கு பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், வலது கால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறது என்பதே சரியாகத் தெரியாது. இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த இல்லை. வண்டி வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி முதலில் கண் டாக்டரிடமும், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடமும் போய் வாருங்கள் என்பதற்காக. சளி, அலர்ஜி மாத்திரைகளில் சில தூக்கம் வரவைக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஆர்எக்ஸ் 100.

எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து 1985இல் கொண்டுவந்து 1996இல் நிறுத்திய வண்டி. 98 சிசி, 11 பிஎச்பி, எடை நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அந்த எடைக்கு அந்தச் சக்தி இருந்ததால்தான் நம் காலத்துப் பையன்கள் அதற்காக உயிரை விட்டார்கள். இன்றைக்கும் நல்ல நிலையில் உள்ள வண்டி ஒரு லட்சத்துக்கு மேல் போகிறது. வீட்டிலேயே ஒன்று இருந்தால் அதைச் சரிசெய்து ஓட்டலாமே என்பது இயல்பான ஆசை, அதில் பாசமும் கலந்திருக்கிறது. அப்பா வாங்கிக் கொடுத்ததாக இருக்கும், கல்யாணத்துக்கு முன்னால் ஓட்டியதாக இருக்கும். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் மலை இறக்கத்துக்கு அது பொருந்தாத காரணங்கள் திடமானவை. முன்னும் பின்னும் டிரம் பிரேக். தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, அதே அழுத்தத்துக்குப் பிடிமானம் குறையும். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் என்ஜின் பிரேக் மிகக் குறைவு, ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி சும்மா உருளும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்த வண்டியில் ஆயில் பம்ப் ஆக்ஸிலேட்டரோடு இணைந்தது. ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டுவிட்டு நீண்ட இறக்கம் இறங்கும்போது என்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே போகிற ஆயிலோ மிகக் குறைவு. அதற்காகத்தான் அந்தக் காலத்து ஆட்கள் இறக்கத்தில் நடுவில் நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சற்றே திருகிக் கொடுப்பார்கள்.

பெட்ரோல் வேறு மாறிவிட்டது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, முப்பது வருஷத்துக்கு முந்தைய ரப்பர் ஹோஸும் சீலும் அதைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை இல்லை. ஆர்சி 15 வருஷத்தோடு முடிந்திருக்கும், புதுப்பிக்க வண்டியை ஆர்டிஓ ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். 20 வருஷம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025இல் 2,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். இதெல்லாம் முடியாத காரியம் இல்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் குகைப் பக்கத்திலும் இந்த வண்டியை விவரம் தெரிந்து பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். சரிசெய்யுங்கள், அஸ்தம்பட்டியில் டீ குடிக்கவும் கன்னங்குறிச்சிக் கோயிலுக்குப் போகவும் ஓட்டுங்கள். ஆனால் கைப்பழக்கம் திரும்புவதற்கு இன்னொரு வண்டி வேண்டும். டயரை மட்டும் கட்டாயம் மாற்றிவிடுங்கள். பட்டன் தேயாமல் புதுசாகத் தெரிந்தாலும், பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் அது செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். 1412 என்று இருந்தால் அது 2012இல் செய்த டயர், ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈர ரோட்டில் பிடிக்காது.

பழைய ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவு சிக்கல் இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக், பாகங்கள் எல்லா ஊரிலும் கிடைக்கும், என்ஜின் பிரேக்கும் சுமாராக உண்டு. டிரம் பிரேக் என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. கூடவே ஒரு எச்சரிக்கை: அதில் எல்லா கியரும் முன்பக்கம் மிதித்துப் போடுவது, இப்போதைய 150 சிசி வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இன்னும் பெரிய மாற்றம், அவர்களுடைய கியர் வலது காலில் இருந்தது, பிரேக் இடது காலில். அவசரத்தில் கால் பழைய வழக்கத்துக்குத்தான் போகும். எதை வாங்கினாலும் இதற்காகவே முதல் சில வாரம் காலி ரோட்டில் ஓட்ட வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு 350 பக்கம் வருவோம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கையில் பணத்தோடு போய் நிற்பது அங்கேதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகு இந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு அது சென்னைப் பக்கம் தயாராகிற வண்டி என்ற பெருமையும் உண்டு. வண்டியைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. 349 சிசி, 20 பிஎச்பி, அடிக்குரலில் இழுக்கும் என்ஜின், மூன்றாவது கியரிலேயே பாதி மலையை ஏறிவிடலாம், டிஸ்க் பிரேக், ஏபிஎஸ், இறங்கும்போது என்ஜின் நன்றாகப் பிடிக்கும். நான் சொன்ன மூன்று அளவுகோலில் இரண்டில் அது முதல் இடம். இடிப்பது எடை. இந்த 350இல் கிளாசிக் என்ற மாடல் 195 கிலோ, ஹன்டர் என்ற மாடல் 181 கிலோ. ஓடும்போது அந்த எடை தெரியாது, அதுதான் ஏமாற்றும். நிற்கும்போது, திருப்பும்போது, சரிவில் பின்னால் தள்ளும்போது தெரியும்.

கொண்டை ஊசியில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறீர்கள், நடு வளைவில் முன்னால் போகும் கார் திடீரென்று நிற்கிறது, நீங்களும் நிற்க வேண்டும். உள்பக்கம் ரோடு செங்குத்தாக இருக்கும், தாழ்வான பக்கம் கால் ஊன்றப் போனால் தரை எதிர்பார்த்ததைவிட அரை அடி கீழே இருக்கும். 195 கிலோ அந்தப் பக்கம் சாயத் தொடங்கினால் இருபத்தைந்து வயதில் தொடையால் தாங்கிவிடலாம். நாற்பத்தெட்டில், மூட்டுவலியோடு, இடுப்பில் பழைய வலியோடு தாங்குவது கஷ்டம். வேகமே இல்லாமல் இப்படி விழுந்து கணுக்காலோ மணிக்கட்டோ உடைந்தவர்களை எனக்குத் தெரியும். என் மச்சான் கிளாசிக்தான் என்று பிடிவாதமாக இருந்தார். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் எல்லாம் பிரமாதமாகப் போனது. வெளியே வந்ததும் வாசல் சரிவில் வண்டியை முன்பக்கமாக நிறுத்தி, "மச்சான், உட்கார்ந்தபடியே பின்னால தள்ளி எடுங்க" என்றேன். இரண்டு முறை முயன்றுவிட்டு "மாப்ள, நகரவே மாட்டேங்குதே" என்றார். ஏற்காடு ஏரிப் பக்கம் விடுமுறை நாளில் வண்டி நிறுத்துகிற இடத்தில் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கும், அதுவும் இரண்டு பக்கமும் வேறு வண்டிகள் ஒட்டி நிற்கும்போது. ஷோரூமுக்குப் போகிற எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். உயரமானவர், உடம்பில் பலம் இருக்கிறது, தள்ளி எடுத்துவிட்டார் என்றால் அவருக்கு 350 சரிதான், நான் தடுக்க மாட்டேன். அப்போதும் கிளாசிக்கைவிட ஹன்டரைப் பாருங்கள். எடை 14 கிலோ குறைவு, சீட் உயரம் 790 மில்லிமீட்டர், கிளாசிக்கில் அது 805. ஹன்டரில் விலை குறைந்த வேரியன்ட்டில் பின்னால் டிரம் பிரேக், ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும். இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ளதையே எடுங்கள், மலைக்கு அந்தக் கூடுதல் பணம் தகும்.

ஸ்கூட்டர் போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். ஊருக்குள் அதுதான் சுகம், அஞ்சு ரோடு சிக்னலில் கிளட்ச் பிடித்துப் பிடித்துக் கை வலிக்காது. ஏற்காட்டுக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ஸ்கூட்டரில் போகிறார்கள். கியர் இல்லாததால் இறங்கும்போது சின்ன கியரில் போட்டு வண்டியை அடக்க முடியாது, வேகம் குறையும்போது உள்ளே கிளட்ச் விட்டுவிடும், அப்புறம் முழுச் சுமையும் பிரேக்குக்குத்தான். ஸ்கூட்டர்தான் வேண்டும் என்றால் முன்னால் டிஸ்க் உள்ளதை எடுங்கள், இறங்கும் வழியில் நின்று நின்று போங்கள். பைக் ஓட்டும் ஆசையில் கேட்கிறவருக்கு இது பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

125 சிசி வண்டிகள் நல்ல நடுவழி. 120 கிலோவைச் சுற்றி எடை, 11 பிஎச்பி, மைலேஜ் அருமை. தனியாக மட்டும் போகிறவர், ஊருக்குள்ளேயே பெரும்பாலும் ஓட்டுகிறவர், உயரம் குறைவானவர் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் 2019 ஏப்ரலில் சட்டப்படி ஏபிஎஸ் கட்டாயமானது 125 சிசிக்கு மேல் உள்ள வண்டிகளுக்குத்தான், 125 வரை இரண்டு பிரேக்கையும் இணைத்த சிபிஎஸ் இருந்தால் போதும் என்று விட்டார்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் நான் 125ஐத் தாண்டி 150க்குப் போகச் சொல்கிறேன்.

ஏபிஎஸ் மேல் இவ்வளவு அழுத்தம் ஏன்? நம் தலைமுறை டிரம் பிரேக்கில் பழகியது. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிரும்" என்று சொல்லித்தான் நமக்கு வண்டி கற்றுக் கொடுத்தார்கள், அதனால் எதற்கும் கால் பிரேக்தான். இறக்கத்தில் எடை எல்லாம் முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிவிடும், அதை மட்டும் அழுத்தினால் லாக் ஆகி வழுக்கும். நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. அதைப் பயமில்லாமல் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், கொஞ்சம் அதிகமாகப் பிடித்துவிட்டாலும் சக்கரம் லாக் ஆகாத வண்டி வேண்டும். இருபது வருஷப் பழக்கத்தை மாற்றுகிற அந்த மாதங்களில் ஏபிஎஸ்தான் காப்பாற்றும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், வளைவுக்குள் வண்டியைச் சாய்த்தபடி பிரேக்கை இறுக்கினால் சாதாரண ஏபிஎஸ்ஸும் எல்லா நேரமும் காப்பாற்றாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில் போட்டு, அப்புறம் திரும்புவதுதான் வழி. மலை ரோட்டு டிரைவர்கள் சொல்கிற "ஏறின கியரிலேயே இறங்கு" என்பது நமக்கும் பொருந்தும்.

அந்த 150, 160 வகுப்பில் எது என்று கேட்டால், யூனிகார்ன் 140 கிலோ, அமைதியான என்ஜின், நிமிர்ந்து உட்காரலாம், முதுகுக்கு நல்லது. அப்பாச்சி 160 கொஞ்சம் துடிப்பானது, இதுவும் ஓசூரில் நம் மாநிலத்திலேயே தயாராவது. பல்சர் 150க்கு மூலை முடுக்கெல்லாம் மெக்கானிக் உண்டு. நான் யூனிகார்ன் பக்கம், ஏனென்றால் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது மணிக்கட்டும் இடுப்பும் எப்படி இருக்கின்றன என்பதுதான் இந்த வயதில் அடுத்த வாரமும் வண்டியை எடுப்போமா என்பதைத் தீர்மானிக்கிறது. மற்ற இரண்டில் எதை எடுத்தாலும் தப்பில்லை.

புதுசா, செகண்ட் ஹேண்டா? செகண்ட் ஹேண்ட் என்பேன். ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்து, ஆசை நிலைக்கிறதா, 350க்குப் போகலாமா, இல்லை இதுவே போதுமா என்று தெரிந்த பிறகு பெரிய பணத்தைப் போடலாம், இதை விற்றாலும் பெரிய நஷ்டம் இருக்காது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டியாகப் பாருங்கள், அந்தக் காலத்திலிருந்து வந்த இந்த வகை வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம் இருக்கும். டிஎன் 30, டிஎன் 54 என்று உள்ளூர்ப் பதிவாக இருந்தால் பெயர் மாற்றம் சுலபம். பார்க்கும்போது இருட்டுவதற்கு முன் போங்கள், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பி நடுவில் எங்காவது தட்டுகிறதா பாருங்கள், டிஸ்க்கில் விரலை ஓட்டிப் பள்ளம் இருக்கிறதா பாருங்கள், சாவியைப் போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்ததும் அணைகிறதா பாருங்கள். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், விட்டுவிடுங்கள்.

பேப்பர் வேலையில் முக்கியமானது லைசென்ஸ். நாம் இருபதில் எடுத்த லைசென்ஸ் இருபது வருஷத்தில் முடிந்திருக்கும். காருக்காகப் புதுப்பித்தவர்களும் அதில் கியர் பைக் வகுப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதுக்கு மேல் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும், முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குடும்பம் நம்மை நம்பி இருக்கிற வயது இது.

எந்த ரோட்டில் தொடங்குவது என்பதும் வண்டி அளவுக்கு முக்கியம். நேராக ஏற்காட்டு மெயின் பாதைக்குப் போக வேண்டாம். முதலில் அரூர் ரோட்டில் மஞ்சவாடி கணவாய் வரை போய் வாருங்கள், வளைவும் இறக்கமும் உண்டு, மிரட்டாது. அடுத்தது அயோத்தியாப்பட்டணம் வழியாகக் குப்பனூர் பாதை. தூரம் கூடுதல், கொண்டை ஊசிகள் குறைவு, கூட்டமும் குறைவு. அதன்பிறகு அடிவாரம் வழியாக 20 வளைவு. தொப்பூர் பக்கம் பயிற்சிக்காகப் போகவே வேண்டாம், பெங்களூரு பக்கமிருந்து லோடு லாரிகள் பிரேக் சூடாகி இறங்கும் இடம் அது. ஏற்காட்டுக்கு வெயில் ஏறும் முன் கிளம்பி, டூரிஸ்ட் வண்டிகள் ஏறத் தொடங்கும் முன் மேலே போய்விட வேண்டும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும் என்பது விதி, எதிரே பஸ் ஏறி வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அது திரும்பிப் போகட்டும். மழை நாளில் சில்வர் ஓக் இலை ரோட்டில் ஒட்டிக் கிடக்கும், அதன்மேல் பிரேக் போடக்கூடாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும், கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் கிளம்பாதீர்கள். குரங்குகள் எந்த நேரமும் குறுக்கே வரும், மேலே எஸ்டேட் பக்கம் காட்டெருமையும் உண்டு. சூரியன் சாய்வதற்குள் அடிவாரம் வந்துவிடுவது நல்லது, கண்ணைப் பற்றி மேலே எழுதிய காரணத்துக்காக.

பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு போவது கொஞ்ச காலம் கழித்து இருக்கட்டும். மனைவி வர ஆசைப்பட்டால் முதலில் ஊருக்குள், பிறகு ஓமலூர் வரை, அதற்கப்புறம் குப்பனூர் வழி. அவருக்கும் முழு முகம் மூடும் ஐஎஸ்ஐ ஹெல்மெட் சொந்தமாக ஒன்று, அளவு பார்த்து, அவரையே கடைக்குக் கூட்டிப்போய் வாங்குங்கள். வண்டிக்கு என்று ஒதுக்கிய பணத்தில் ஹெல்மெட் இரண்டு, கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, முழங்கைக்குப் பேட் உள்ள காற்றோட்டமான ஜாக்கெட் எல்லாம் அடங்க வேண்டும். சேலத்து ஏப்ரல் வெயிலில் ஜாக்கெட்டா என்று கேட்பார்கள், வலைத்துணியில் வருகிற ஜாக்கெட் வண்டி ஓடும்போது சூடு தராது. இதற்கெல்லாம் சேர்த்துப் பணம் பத்தவில்லை என்றால், வண்டியில் ஒரு வருஷம் பழைய மாடலாக எடுத்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டில் குறைக்காதீர்கள்.